அண்ணி அழித்த ஒரு வரி

அண்ணனுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்கள். இத்தனை வருடங்களில் அண்ணி "தப்பு என்னுது" என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதையும் வீட்டில் கேட்கவில்லை. அலுவலகத்தில், அதிகம் பழகாத ஒரு மனிதரிடம் சொன்னாள். என்னிடம் அவள் அப்படிச் சொல்ல வேண்டியவை ஒரு மூட்டை இருக்கின்றன. அவற்றை அவள் சொல்லப்போவதில்லை, நானும் விடப்போவதில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. இரும்புப் படிக்கட்டு. யார் ஏறினாலும் எங்கள் மேசை வரை அதிரும். இரண்டு மேசைகள், ஒரு மின்விசிறி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு மேசையில் நான். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் நல்லது நடந்தால் பாராட்டும் எனக்கு, கெட்டது நடந்தால் திட்டும் எனக்கு. எதிர் மேசையில் அண்ணி. அவள் வேலை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். நூற்று நாற்பத்து மூன்று வாடிக்கையாளர்களின் டொமைன்கள் அவள் பொறுப்பு.

டொமைன் என்றால் இணையத்தில் ஒருவருக்கு இருக்கிற பெயர். வெறும் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும், அந்தப் பெயருக்கு வருகிற அஞ்சலை யாரிடம் கொடுக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொல்லி அஞ்சல் அனுப்ப யாருக்கு உரிமை உண்டு என்று சில வரிகள் ஒரு பொதுப் பட்டியலில் எழுதியிருக்கும். அதுதான் டி.என்.எஸ். அந்த வரிகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். யாரும் கேட்பதில்லை. அண்ணி மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டிக் கேட்டு, வருகிற பதிலைத் தன் நீள நோட்டோடு ஒப்பிட்டு, பென்சிலால் டிக் போடுவாள். நான் அதற்கு ஆஜர் எடுப்பது என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"இதெல்லாம் தானா பார்த்துச் சொல்ற புரோகிராம் எத்தனையோ இருக்கு அண்ணி" என்று ஒருநாள் சொன்னேன்.

"இருக்கட்டும் குட்டி. அது சரியா தப்பான்னுதான் சொல்லும். எனக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்."

எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. இன்னும் குட்டிதான்.

அண்ணிக்கு ஒரு குணம். பயன்படாத பொருள் கண்ணில் படக்கூடாது. வீட்டில் ஒரு வருடம் போடாத சட்டை அடுத்த வருடம் இருக்காது. ஃபோனில் கூப்பிடாத எண்கள் இருக்காது. இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்தால் என்னையும் தூக்கி வாசலில் வைத்துவிடுவாள் என்று அண்ணன் சொல்லுவான். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவான், ஆனால் பழைய சட்டைகளை அவன் பீரோவின் அடியில் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

வேலையிலும் அதே குணம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழலையர் பள்ளியின் டொமைனில், எப்போதோ கைவிட்ட ஒரு கணினியைக் காட்டும் பழைய வரி ஒன்று கிடந்தது. அந்தக் கணினியின் விலாசம் வேறு யாருக்கோ போய், அவன் அதில் கண்ட கண்றாவிப் படங்களை ஏற்றிவிட்டான். பள்ளியின் பெயரைப் போட்டுத் திறந்தால் அந்தப் படங்கள். தலைமை ஆசிரியை இந்த இரும்புப் படியில் ஏறி வந்து நின்ற நாளை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி வருடத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து, யாருக்கும் உதவாத வரிகளையெல்லாம் தேடி அழிப்பாள். பட்டியலிலும் அழிப்பாள், நோட்டிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள். அன்று மாலை அவள் முகத்தில் இருக்கும் நிம்மதி, வீடு முழுக்கக் கழுவிவிட்ட பிறகு இருக்குமே, அது.

இந்த வருடம் அந்த நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. பதினோரு வரிகள் போயின. அதில் ஒன்று பெயின்ட்கடைக்காரருடையது.

பெயின்ட்கடைக்காரர் என்றுதான் இன்னும் சொல்கிறோம். கடை மூடி நான்கு வருடமாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கடை. வெப்சைட்டும் மின்னஞ்சலும் அவர் மகன் கல்லூரியில் படிக்கும்போது தானே உட்கார்ந்து செய்தது. பிறகு அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவர் எங்களிடம் கொடுத்தார். கடையை மூடியபோது ஒருநாள் படியேறி வந்து, என்னிடம்தான் சொன்னார்.

"கடை மூடியாச்சுன்னு சைட்ல ஒரு வரி போட்டுடுங்கம்மா. மெயில் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"அதுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கணுமே சார். கடையே இல்லாதப்போ எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றார்.

நான் சைட்டில் அந்த வரியைப் போட்டேன். மெயில் இருக்கட்டும் என்று அவர் சொன்னதை அண்ணியின் நோட்டில் எழுதவில்லை. மறந்துவிட்டேன். இதை நான் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் சொன்னால் பூசி மெழுகுவது போல இருக்கும்.

அண்ணி பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடை மூடியிருக்கிறது. அஞ்சல் பெட்டிக்கு ஒரு வருடத்துக்கு மேலாக விளம்பரங்களைத் தவிர ஒன்றும் வரவில்லை. அஞ்சலை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி, எம்.எக்ஸ். என்பார்கள், அது சும்மா கிடக்கிறது. அழித்துவிட்டாள். நோட்டில் கோடு போட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஆஜர் எடுத்தாள். நோட்டிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை, ஆகவே டிக்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். பெயின்ட்கடைக்காரர். அந்த மனிதர் குரல் எப்போதும் கடை வாசலில் நின்று தெருக்கோடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அன்று அப்படி இல்லை.

"என் மெயில் சரியா வேலை செய்யுதாம்மா?"

அண்ணியிடம் கொடுத்தேன். அவள் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே விசைப்பலகையில் விரல்களை ஓட்டினாள். அவர் சொன்னது இது. அவருடைய மகன் போய் ஆறு வருடம். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எப்போதாவது தன் சித்திக்கு மட்டும், ஏதாவது ஒரு எண்ணிலிருந்து ஃபோன் செய்வான், இரண்டு நிமிடம் பேசுவான், வைத்துவிடுவான். முந்தின இரவு அப்படிப் பேசியவன், அப்பாவுக்குக் காலையிலேயே கடை மெயிலுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். சித்தி இன்று காலை சொன்னாள். ஆனால் பெட்டியில் ஒன்றும் இல்லை.

அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தாள். திறந்தது. தன் மெயிலிலிருந்து ஒரு சோதனை அஞ்சல் அனுப்பினாள். நொடியில் போய் விழுந்தது.

"பாருங்க சார், இப்ப ஒண்ணு வந்திருக்கா?"

"வந்திருக்கு. சோதனைன்னு இருக்கு."

"எல்லாம் சரியா இருக்கு சார். உங்களுக்கு யாரும் எழுதல."

அவர் சரி என்று வைத்துவிட்டார். அண்ணி ஒரு வாய் டீ குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். நானும் போனேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். எங்கள் தொழிலில் அது ஒரு சாதாரண பதில்.

சனிக்கிழமை மதியத்துக்குச் சற்று முன் படிக்கட்டு அதிர்ந்தது. மெதுவாக, ஒவ்வொரு படியாக. பெயின்ட்கடைக்காரர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். நான் நாற்காலியை நகர்த்தினேன். உட்காரவில்லை.

"நேத்து ராத்திரி திரும்பவும் அவன் சித்திக்குப் பேசியிருக்கான். 'அப்பா வரல சித்தி, பதிலும் இல்ல. சரி விடுங்க' அப்படின்னானாம். அவ எங்க வரலன்னு கேக்கறதுக்குள்ள வச்சுட்டானாம்." அவர் அண்ணியைப் பார்த்தார். "எங்க வரணும்னு எனக்குத் தெரியலையேம்மா. நேத்து பூரா ஃபோனக் கையில வச்சுக்கிட்டு வீட்லயேதான் உட்கார்ந்திருந்தேன்."

அண்ணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் புதன்கிழமை செய்ததையே திரும்பச் செய்தாள். பெட்டி திறந்தது. சோதனை அஞ்சல் போனது, விழுந்தது.

"வருதே" என்றாள், தனக்குத்தானே.

நான் சும்மா இருக்க முடியாமல் என் ஃபோனை எடுத்தேன். என் மெயில் வேறு நிறுவனத்தில் இருக்கிறது. அதிலிருந்து அவர் முகவரிக்கு 'ஹலோ' என்று ஒன்று தட்டிவிட்டேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அண்ணி, நான் அனுப்பினது வரல."

அவள் என் ஃபோனைப் பார்த்தாள். பிறகு தன் திரையைப் பார்த்தாள். அவளுடைய மெயிலும் பெயின்ட்கடைக்காரருடைய மெயிலும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்குக் கடிதம் கொடுக்கத் தெருவில் இறங்கி விலாசம் விசாரிக்க மாட்டார்கள் இல்லையா, அதுபோல அவள் அனுப்பிய சோதனை அஞ்சல் டி.என்.எஸ். பட்டியலைக் கேட்கவே இல்லை. உள்ளேயே போய் விழுந்திருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் பட்டியலைக் கேட்பார்கள். பட்டியலில் என்ன இருக்கிறது என்று புதன்கிழமை ஃபோன் வந்தபோது அவள் கேட்கவில்லை. தினமும் கேட்கிறவள், அந்த நேரத்தில் கேட்கவில்லை. நோட்டில் டிக் இருந்ததே என்ற நம்பிக்கை; அழித்த பதினொன்றில் இதுவும் ஒன்று என்பது நினைவில் இல்லை.

இப்போது கேட்டாள். கறுப்புத் திரையில் பெயரைத் தட்டி, எம்.எக்ஸ். என்று தட்டினாள். பதில் வந்தது. விடை என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

நோட்டைத் திறந்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. திங்கட்கிழமைத் தேதி. பென்சிலில் அவள் கையெழுத்து.

நான் முந்திக்கொண்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் அண்ணிக்காகப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

"சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு சார். இப்ப சரி பண்ணிடலாம்."

அண்ணி அந்த வரியைத் திரும்ப எழுதினாள். எழுத்தெழுத்தாக, நோட்டில் கோட்டுக்கு அடியில் தெரிந்ததைப் பார்த்து. சேமித்தாள். ஒரு நிமிட வேலை. பிறகு நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"சர்வர் கோளாறு இல்ல சார். உங்களுக்கு வர்ற மெயில எங்க கொடுக்கணும்னு ஒரு வரி இருக்கும். அத நான் திங்கட்கிழமை அழிச்சேன். கடை மூடினது, யாருக்கும் உதவாதுன்னு நினைச்சேன். உங்கள ஒரு வார்த்தை கேக்கல. புதன்கிழமை யாரும் எழுதலன்னு சொன்னேன், அதுவும் சரியா பார்க்காம சொன்னது. தப்பு என்னுது."

'அவர் மெயில் இருக்கட்டும்னு என்கிட்ட சொல்லியிருந்தார்' என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"யாரக் கேட்டு அழிச்சே?" என்றார் அவர். மரியாதை போயிருந்தது. "கண்ணு தெரியல? படிச்சவதான நீ? ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த..."

பழைய கடைக் குரல் வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி இருந்ததால் விழாமல் இருந்தார் என்று சொல்லலாம்.

தரையைப் பார்த்தபடி பேசினார்.

"இதேதான் அன்னைக்கும். எம் பையன் ஒரு வீட்டுக்கு மொத்தமா கலர் கலந்தான். மெஷின்ல ஒரு எண்ணத் தப்பா தட்டிட்டான். இளமஞ்சள் கேட்டவங்களுக்குக் காவி மாதிரி ஒண்ணு போயிருச்சு. அவங்க ரெண்டு ரூம் அடிச்சப்புறம்தான் வந்து சொன்னாங்க. கடை பூரா ஆளு. எல்லாரும் பார்க்க இப்படித்தான் கத்தினேன். இந்தக் கடையில உனக்கு வேலை இல்ல, வெளிய போன்னேன். தப்பு என்னுதுப்பான்னு சொல்லிட்டு நின்னான். உங்கள மாதிரியேதான் சொன்னான்." "கடையவிட்டுப் போகத்தான் சொன்னேன். அவன் ஊரவிட்டே போயிட்டான்."

எனக்கு அழுகை வந்தது, பிரிண்டரில் பேப்பர் வைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"அந்த லெட்டர் தொலஞ்சு போச்சா?" என்று அவர் கேட்டார்.

"தெரியல சார். போயிருக்காதுன்னு நினைக்கறேன்."

அண்ணி அவருக்கு விளக்கினாள். அவளுக்கு அலங்காரமாகப் பேச வராது, உள்ளதை உள்ளபடி சொன்னாள். கொடுக்க இடம் தெரியாவிட்டால், அனுப்பும் சர்வர் கடைசி வழியாக வெப்சைட் இருக்கிற கணினியின் கதவைத் தட்டிப் பார்க்கும். அங்கே அஞ்சல் வாங்க ஆளில்லை. யாரும் திறக்காவிட்டால் உடனே திருப்பி அனுப்பாது. வைத்துக்கொண்டு, விட்டு விட்டு வந்து தட்டும். பெரும்பாலும் நான்கைந்து நாள் தட்டும். சிலர் இரண்டே நாளில் விட்டுவிடுவார்கள். மகன் செவ்வாய் காலை அனுப்பியிருக்கிறான். இன்று சனி. அவனுடைய மெயில் எந்த நிறுவனத்தில் என்று தெரியாது. அதோடு இன்னொன்று. இல்லை என்ற பதிலையும் கேட்ட சர்வர் இவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த டொமைனுக்கு அது மூன்று மணி நேரம். அதை வைத்தவளும் அண்ணிதான்.

"அப்ப வரி திரும்ப வந்துருச்சுன்னு அவங்களுக்கு உடனே தெரியாது?"

"தெரியாது சார். மறந்துட்டுத் திரும்பக் கேக்கணும். கேட்டா கிடைக்கும். கடைசித் தடவை தட்டி முடிச்சிருந்தா..."

"இருக்கேன்" என்றார்.

பன்னிரண்டே காலிலிருந்து காத்திருந்தோம். நான் கீழே போய் டீ வாங்கி வந்தேன். ஆறிப்போய் ஆடை கட்டியது. அண்ணி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டி.என்.எஸ். பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும் வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குப் புது வரி தெரிந்தது. இன்னொன்று இல்லை என்றது. ஒரு மணிக்கு அதுவும் தெரிந்துகொண்டது. அவள் ஒவ்வொன்றையும் நோட்டில் நேரம் போட்டு எழுதினாள். இரண்டரைக்கு என்னுடைய 'ஹலோ' வந்து விழுந்தது. பெயின்ட்கடைக்காரரின் ஃபோன் சிணுங்கியதும் அவர் எழுந்தே விட்டார். பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு இன்னொன்று. ஒரு பெயின்ட் கம்பெனியின் விளம்பரம், புது வகை உருளைத் தூரிகைக்கு. இதுவும் வியாழக்கிழமையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வேண்டாததெல்லாம் எவ்வளவு பொறுமையாக நிற்கிறது பாருங்கள்.

நான்கு நாற்பதுக்கு மகனுடைய கடிதம் வந்தது.

அவர் கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியில்தான் இருந்தது. படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு ஃபோனை அண்ணியிடம் நீட்டினார். வேண்டாம் சார், உங்க லெட்டர் என்றாள். படிம்மா என்றார். அவள் சத்தமில்லாமல் படித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை மூணு மணி வண்டியில வந்து இறங்குவேன். அடுத்த வண்டி ஆறு மணிக்கு. நடுவுல ஸ்டேஷன்லதான் இருப்பேன், முதல் பிளாட்பாரம், புத்தகக் கடை பக்கத்துல. போற இடம் ரொம்ப தூரம். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். வீட்டுக்கு வர தைரியம் இல்ல. நீங்க வந்தா பார்க்கலாம். வரலன்னா புரிஞ்சுக்கறேன்."

எங்கள் ஜன்னலிலிருந்து ரயில் நிலையம் தெரியாது. ஆனால் வண்டிச் சத்தம் கேட்கும். நடந்தால் பதினைந்து நிமிடம். அவர் வீட்டிலிருந்து இன்னும் குறைவு.

"மூணு மணி நேரம்" என்றார் அவர்.

மகனின் முகவரி இப்போது கையில் இருந்தது. பதில் எழுதுங்கள் என்றேன். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஒரு எழுத்தும் தட்டவில்லை. "என்னன்னு எழுதறது? மெயில் வரலன்னா நம்புவானா? எல்லா அப்பனும் சொல்ற சாக்குதான" என்றார். பிறகு அண்ணியிடம், "நீங்க எழுதுங்கம்மா. செஞ்சவங்க நீங்கதான" என்றார். அதில் கோபம் இல்லை. நியாயம் இருந்தது.

அண்ணி அன்று ஐந்து மணிக்கு, எங்கள் அலுவலக முகவரியிலிருந்து, தன் பெயரைப் போட்டு எழுதினாள். நான் பக்கத்தில் நின்று படித்தேன். 'உங்கள் அப்பாவுக்கு உங்கள் கடிதம் இன்று மாலை நான்கு நாற்பதுக்குத்தான் கிடைத்தது. காரணம் நான். கடை மூடியும் அவர் அந்த முகவரியை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்து வைத்திருக்கிறார். அதற்கான வரியை நான் அவரைக் கேட்காமல் அழித்துவிட்டேன். நேற்று அவர் வீட்டில் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தார்.' அதற்குக் கீழே அழித்த நாள், திரும்ப எழுதிய நேரம், கடிதம் வந்த வழி எல்லாவற்றையும் வரிவரியாக ஒட்டினாள். மன்னிப்புக் கடிதத்துக்கு ஆதாரம் இணைத்த ஒரே ஆள் எங்கள் அண்ணியாகத்தான் இருக்கும். இன்னொரு நாளாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன்.

"அண்ணி, என் பேரையும் போடுங்க" என்றேன். "மெயில் இருக்கட்டும்னு அவர் என்கிட்டதான் சொன்னார். நான் உங்க நோட்டுல எழுதல."

பெயின்ட்கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள். இதற்கு நான் வீட்டில் ஒரு வாரம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பெயரையும் சேர்க்கவில்லை. அனுப்பிவிட்டு, "அந்தப் பக்க சர்வர் வாங்கிக்கிட்டது சார். அவர் படிச்சாரான்னு எனக்குத் தெரியாது" என்றாள். முன்பெல்லாம் 'போயிடுச்சு சார்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் எதையும் தூக்கிப் போடவில்லை. அண்ணன் இரண்டு தடவை உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலை ஆஜர் எடுக்க உட்கார்ந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பதில் வந்திருந்தது. அண்ணியின் பெயருக்குத்தான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை, கோபமும் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

"கடை மூடி நாலு வருஷம் ஆச்சுன்னு சித்தி சொன்னாங்க. அப்புறம் எதுக்கு அப்பா அந்த அட்ரஸ வச்சிருக்காரு?"

அண்ணி பெயின்ட்கடைக்காரருக்கு ஃபோன் செய்தாள். இருபது நிமிடத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. இந்தத் தடவை வேகமாக. அண்ணி தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்காரவைத்தாள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பெட்டியைத் திறந்து, மகனின் முகவரியைப் போட்டு, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தட்டும்போது உதடு அசைந்தது, அதனால் எங்களுக்கும் கேட்டது.

"நீ எழுதினா வந்து சேரணும்ல. அதுக்குத்தான்."

அவ்வளவுதான் எழுதினார். அனுப்பு என்பதன் மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இது போய்ச் சேருமாம்மா?"

அண்ணி குனிந்து பக்கத்துத் திரையில் பெயரைத் தட்டினாள். அஞ்சல் வரி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அனுப்பும் உரிமை வரி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அதையே வெளியில் மூன்று இடத்தில் கேட்டாள். மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. ஒன்றையும் நோட்டைப் பார்த்து ஒப்பிடவில்லை.

"சேரும் சார். அவர் பதில் போட்டா இங்க வரவும் வரும்."

அவர் அனுப்பினார். எழுந்து கொள்வார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

"போய்ச் சேர்ற வரைக்கும் இருந்துட்டுப் போறேம்மா" என்றார்.

அது அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிட்டது. திரையில் எழுதியிருந்தது, எனக்கும் தெரிந்தது. அண்ணி அதைச் சொல்லவில்லை. என் மேசைக்கு எதிரில் கிடந்த காலி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆஜர் அன்று பாதியிலேயே நின்றது.